இந்த வாசலில் எத்தனை அடுப்பு எரிகிறது?

அதட்டலையும் அன்பையும் ஒரே குரலில் பேசத் தெரிந்த என் நங்கைக்கு,

ஜெயித்துவிட்டோம். எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர் நீங்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். பெருந்துறைப் பக்கத்துக் கண் வார்டைத் திறந்தாகிவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, காது கிழியக் கிழியப் பாட்டுப் போட்டார்கள். இனி நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

கூட நின்று எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கொங்குப் பக்கத்தில் கணவரின் அக்காளை நங்கை என்போம். இவர் என் நங்கை, சிவகாமி. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பின்கட்டில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, முன்கட்டில் நான் செய்யும் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர். என் ரசத்தைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த என்னை அந்தக் கணக்கெடுப்புக்கு இழுத்துப் போனதும் நீங்கள்தான். அன்றைக்கு உங்கள் தம்பி அடித்த கேலி நினைவிருக்கிறதா? "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே ஜீப்புலயா? அவினாசி தாண்டறதுக்குள்ள ஒருத்தி எறங்கிப்போடுவா" என்றார். நாம் இறங்கவில்லை. சண்டை போட்டோம், ஆனால் இறங்கவில்லை.

கண் ஆஸ்பத்திரி நடத்திய ஒரு அறக்கட்டளை உங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் பக்கத்து வயசாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பார்வை போயிருக்கிறது? அதிகம் என்றால் பெருந்துறைப் பக்கத்திலேயே ஆபரேஷன் வார்டு கட்டுவார்கள். இல்லையென்றால் வருஷத்துக்கு ஒரு கேம்ப் போதும். கேம்புக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்துவிடலாமே என்று நான் அப்பாவியாகக் கேட்டேன்.

"வந்தவங்கள எண்ணுனா வந்தவங்க கணக்குத்தான் கெடைக்கும், அம்மணி. பஸ் ஏறி வர முடியாம ஊட்டோட கெடக்கறவங்கள ஆரு எண்ணுவா?" என்றீர்கள்.

சீட்டுக் குலுக்கி ஊர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள். தேர்ந்த ஊரில் வீடு விடாமல் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் அட்டைக்கு முன்னால் நிறுத்திப் பார்வையைச் சோதிக்க வேண்டும். நமக்குப் பிடித்தவர், எதிரில் வந்தவர், கூப்பிட்டதும் ஓடி வந்தவர் என்று பொறுக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் உங்களுக்குக் கோயில் பூசாரி முகம் வந்துவிடும்.

ஆனால் முதல் ஊரிலேயே நமக்குக் கதவு சாத்தினார்கள். அச்சடித்துக் கொடுத்த கேள்வி, 'இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?' என்றிருந்தது. அந்த வீட்டு அம்மாள் முகம் சுருங்கிப் போயிற்று. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா தலைய எண்ண வந்துட்டீங்களா? போயிட்டு வாங்க" என்றுவிட்டார். நம் பக்கத்தில் ஆடு மாட்டை எண்ணலாம், தேங்காயை எண்ணலாம். குடும்பத்துத் தலையை எண்ணினால் ஆகாது. அது நமக்கும் தெரியும், அச்சடித்தவர்களுக்குத்தான் தெரியாது.

நீங்கள் அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று கேள்வியை மாற்றினீர்கள். 'இங்க எத்தன பேருங்க சாப்பிடறீங்க?' அவ்வளவுதான். அடுத்த வீட்டில் மோர் வந்தது. அதற்கடுத்த வீட்டில் நிலக்கடலை வந்தது. கேள்விக்குப் பதிலும் வந்தது. ஜீப்பில் ஏறும்போதெல்லாம், "பாத்தியா, மரியாதையாக் கேட்டா மடை தொறந்த மாதிரி வருது" என்று என் தொடையில் தட்டுவீர்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பட்ட பெருமையை உங்கள் டாக்டர் பட்டத்துக்குக்கூடப் படவில்லை.

உங்களிடம் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்த உங்களுக்கு வெள்ளெழுத்து. தாளை நீட்டி, இன்னும் நீட்டி, ஜீப் கதவுக்கு வெளியே பிடித்துப் படிப்பீர்கள். "கை பத்துலீங்களா, நங்கையா? நான் வேணும்னா எதுருல நின்னு புடிச்சுக்கட்டுங்களா?" என்றால் ஊருக்குப் போய்ச் சேரும்வரை என்னோடு பேச்சில்லை. கண்ணாடி வாங்கிக் கைப்பையில் போட்டிருந்தீர்கள், கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று மாணவிகள் நினைப்பார்களாம்.

கணக்கெடுப்பு முடிந்து, ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மெஷின் துப்பிய தாளில், எல்லோரும் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேருக்குத்தான் பார்வை போயிருந்தது. அறக்கட்டளை இயக்குநர் குளிர்ந்துபோனார். "உங்க பக்கம் கொடுத்து வெச்ச பக்கம் மேடம். இங்கே வார்டு வேண்டியதில்லை. கேம்பே போதும்" என்றார். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். எண் அப்படிச் சொன்னால் அப்படித்தானே?

அந்தச் சந்தோஷம் ஒரு மூக்குக்கண்ணாடியால் போயிற்று. பரிசோதித்ததில் கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பாக்கி இருந்தது. பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில், அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று சொன்ன அம்மாளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது மாட்டுக் கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் ஓலை வேய்ந்த சின்னச் சாளையிலிருந்து புகை எழுந்தது.

"அங்க ஆருங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"என்ற மாமனாருங்க. நாச்சிமுத்துன்னு பேரு."

"அன்னைக்குக் கேட்டப்ப அவரச் சொல்லலீங்களே?"

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க இங்க சாப்பிடறவங்களத்தானுங்க கேட்டீங்க? மாமன் தனியாப் பொங்கித் திங்கறாருங்க."

உங்கள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. நாம் கேட்டதற்குச் சுத்தமான பதில் சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் கைகால் ஓடுகிற வரைக்கும் வயசாளிகள் அதே வாசலில் தனி அடுப்பு மூட்டிக்கொள்வது வழக்கம்தானே? அது கோபமும் இல்லை, கைவிட்டதும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு கவுரவம். நாம் ஊர் ஊராக மரியாதையாகக் கேட்டு, அந்த மரியாதையாலேயே அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தோம்.

சாளைக்குள் நாச்சிமுத்து அடுப்பின் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பானையைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

"சோறு வெந்துபோச்சுன்னா கொதிக்கற சத்தம் மாறுமுங்க. அப்ப எறக்கிப்போடுவேன்" என்று நமக்கு விளக்கினார். இரண்டு முன்கையிலும் பழைய சூட்டுத் தழும்பு. நாம் பார்ப்பதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

நீங்கள் விரல்களைக் காட்டி, "இது எத்தனைங்க, அய்யா?" என்றீர்கள்.

"படிச்சவிய நீங்க. உங்களுக்கே தெரியாதுங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தீர்கள். இரண்டு கண்ணிலும் பாலாடை மாதிரி புரை முற்றிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்தால் தெளியக்கூடிய புரை. கோயம்புத்தூர் வரை கூட்டிப் போய், கூட இருந்து, கூட்டி வர ஆளுக்கு எங்கே போவது? அறுவடை, கறவை, தறி என்று எல்லோருக்கும் வேலை. "ஆரையும் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க. காடு வாவாங்குது, ஊடு போபோங்குது. இனி எனக்கெதுக்குங்க கண்ணு?" என்றார்.

புறப்படும்போது சோறு உண்டுவிட்டுப் போகச் சொன்னார். "கண்ணு தெரிஞ்சு ஆக்கிப் போடுங்க, அப்ப வந்து உக்காந்து சாப்பிடறேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்.

ஜீப் விஜயமங்கலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள். "என்ற கேள்விதான், பூங்கொடி. நாந்தான் அவரத் தொலச்சுப்போட்டேன்." பிறகு, "நானும் தனி அடுப்புத்தான? நாளைக்கு ஆராச்சும் வந்து இங்க எத்தன பேரு சாப்பிடறீங்கன்னு கேட்டா, நீ என்னையச் சொல்லுவியா?"

என்ன சொல்லியிருப்பேன்? நானும் உள்ளதைத்தானே சொல்லியிருப்பேன், மூணு பேருங்க என்று, நான், அவர், குழந்தை.

இயக்குநர் முன்னால் நீங்கள் நின்ற அழகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லோரும் பாராட்டி முடித்த கணக்கைத் தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதுவும் தன் கணக்கை? அவர், "ஒரு பெரியவர் விட்டுப்போனதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடறதா, மேடம்?" என்று கேட்டார்.

"இங்க ஒருத்தர், அங்க ஒருத்தர்னு விட்டிருந்தா நான் கவலைப்பட மாட்டேனுங்க, சார். என் கேள்வி ஆளப் பாத்துப் பொறுக்கித் தள்ளியிருக்குது. வயசு முத்துனவங்க, தனியா இருக்கறவங்க, கண்ணு போனவங்க. நாம ஆரைத் தேடிப் போனமோ அவங்களயே விட்டுட்டு, மத்தவங்கள எண்ணிட்டு வந்திருக்கறோம். இந்த எண்ணை வெச்சு வார்டு வேண்டாம்னு முடிவு பண்ணுனா அது என்ற பாவம்."

அந்த மனிதரும் நல்லவர்தான். மறுபடி போங்கள் என்றார். ஆனால் கேள்வி வேண்டுமே? தலையை எண்ணினால் கதவு சாத்துவார்கள், சோற்றை எண்ணினால் தனி அடுப்பு தப்பிவிடும். உங்கள் பம்ப் ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்து பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். ஒரு நாள் காலையில் முன்கட்டுக்கு ஓடி வந்தீர்கள். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று அந்நியர் மாதிரி கைகூப்பினீர்கள்.

"ஏனுங்க, அம்மணி, இந்த வாசல்ல எத்தன அடுப்பு எரியுதுங்க?"

"ரெண்டுங்க" என்றேன். கேட்ட வேகத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீங்கள் குதித்தீர்கள், நங்கையா. கல்லூரிப் பேராசிரியை, நாற்பது தாண்டியவர், மாவுக் கையோடு இருந்த என்னைப் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள்.

அந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் முகம் சுருங்கவில்லை. அடுப்பு எரிவது நல்ல சொல்தானே? ஒவ்வொரு அடுப்பின் முன்னாலும் போய் நின்று, இங்கே சமைப்பது யார், சாப்பிடுவது யார், மகன் வீடுகளில் முறை வைத்துச் சாப்பிட வருகிறவர் உண்டா என்று கேட்டோம். கட்டுத்தறிக்குப் பின்னால், படல் மறைவில், ஊருக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் மூன்று கல்லைக் கூட்டிய இடத்தில் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் தடவை நாம் மோர் குடித்துவிட்டு வந்த அதே வாசல்களிலிருந்துதான் வந்தார்கள்.

பாதி ஊர்கள் முடிந்திருந்தன. அன்று காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது, நீங்கள் வரவில்லை. தாமதத்துக்கு என்னைத் திட்டுகிறவர் எங்கே என்று பின்கட்டுக்கு வந்தேன். ஸ்டவ்வின் மேல் பால் இருந்தது. ஸ்டவ் பற்ற வைக்காமல் இருந்தது. முந்தின நாளே நெஞ்சு வலித்திருக்கும், உயிர் போய் வெகுநேரமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். முதல் நாள் வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் உங்களுக்கு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அழுகை ஆறிவிட்டது என்றும் நினைக்காதீர்கள்.

காரியம் முடிந்த மறுநாளே நான் ஜீப் ஏறினேன். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். உங்கள் தம்பிதான் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "அக்கா வேலைய முடிச்சுப்போட்டு வா" என்றார். முடித்தேன், நங்கையா. ஒரு வாசலையும் விடவில்லை. மழையில் ஜீப் சேற்றில் சிக்கிய ஊருக்கு நடந்தே போனேன்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் கணக்கை நான்தான் படிக்க வேண்டும். எழுந்து நின்று தாளைப் பிரித்தால் எழுத்தெல்லாம் கலங்குகிறது. பயத்தில் என்று நினைத்தேன். பயமில்லை, எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டிருந்தது! என் தோளில் இருந்தது உங்கள் கைப்பை. சீட்டுப் பிரிக்காத அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். உங்கள் கண்ணாடியில் உங்கள் கணக்கைப் படித்தேன்.

தனி அடுப்புக்காரர்களைச் சேர்த்ததும் எண் எழும்பி நின்றது. பார்வை போனவர்களில் பெரும்பாலோருக்குப் புரைதான், அறுத்தால் தெளிவது. மிச்சத்தில் பலருக்கு ஒரு கண்ணாடி போதும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் முதலில் வந்த பதில், கூட வர ஆளில்லை என்பதுதான். "அதனால வார்டு பக்கத்துலயே வேணுமுங்க. வேன் அனுப்பிக் கூட்டிட்டு வந்து, துணைக்கு ஆளில்லாமயே பாத்து அனுப்பற மாதிரி வேணுமுங்க" என்றேன். என் குரல் உங்கள் குரல் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஐயோ, அவ்வளவு சத்தமாகவா பேசினேன்?

இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிவகாமி மேடம் இதைப் பார்த்தாங்களா?" என்றார்.

"பாதி பாத்தாங்க, சார். மீதி எப்படி வரும்னு அவங்களுக்குத் தெரியும்."

"வார்டு கட்டுவோம்" என்றார்.

விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அங்கேயே அடித்திருப்பேன். எதிரே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, அவர் ஹலோ என்றதும் அழுதேன். அவர் பயந்துபோய், வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

வேன் முதலில் போன வாசல்களில் ஒன்று நாச்சிமுத்துவினுடையது. கட்டுப் பிரித்த அன்று நான் வார்டில் இருந்தேன். கண்ணைச் சிமிட்டினார், மருமகளைப் பார்த்தார், தன் கையைத் திருப்பித் திருப்பித் தழும்புகளைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அதட்டிப் பேசுவாங்களே ஒரு அம்மணி, அவிய எங்கீங்க? மொகத்தப் பாக்கோணும்."

உங்கள் போட்டோ என் பர்ஸில் இருந்தது. கொடுத்தேன். "கொரலக் கேட்டுப் பெரிய மனுசின்னு நெனச்சுப்போட்டேன். சின்னப் புள்ளையா இருக்கறாங்களே! கூப்புடுங்க" என்றார். நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. போட்டோவை அவர் கீழே வைக்கவில்லை.

"என்னைய எழுதிப்போட்டு அவிய போயிட்டாங்களா" என்றார்.

போன வாரம் அவர் சாளையில் உட்கார்ந்து உங்கள் வாக்கை நான் தின்று தீர்த்தேன். பானையைப் பார்த்துப் பார்த்துப் பொங்கியிருந்தார். அப்படியும் சோறு குழைந்துவிட்டது. காதால் பொங்கியபோது பதம் தப்பவில்லையாம், கண்ணை நம்பிக் கெட்டாராம். "ஆனா அரிசியில இத்தன கல்லு இருந்திருக்குதுங்க! அத்தனையும் தின்னுபோட்டுத்தான் உசுரோட இருந்திருக்கறேன்" என்று சிரித்தார். எனக்குப் போட்டது இரண்டு ஆள் சோறு. ஏன் என்று நான் கேட்கவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அடுத்து மேட்டுப்பாளையம் பக்கம் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை தலைமை நான். மலையடிவாரத்தில் எந்த வாசலில் எத்தனை அடுப்பு எரிந்தாலும், ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நிற்பேன். இது சத்தியம்.

நம் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விடலாம் என்று சிலர் சொன்னார்கள். விடவில்லை. சாயங்காலமானால் அங்கே போய் உங்கள் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பற்ற வைத்து, டீ போட்டுக் குடிக்கிறேன். யாராவது ஒரு நாள் நம் வாசலுக்கும் வந்து கைகூப்பி, இங்கே எத்தனை அடுப்பு எரியுதுங்க என்று கேட்பார்கள். தப்புக் கணக்கு என்று நீங்கள் அதட்ட முடியாது, நங்கையா. எரிகிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ரெண்டுங்க என்றுதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
ரசத்தில் இன்னமும் புளி தூக்கலாகவே போடும்
உங்கள் தம்பி பெண்டாட்டி,
பூங்கொடி